ஊசிவால் வாத்து எங்கே போயிற்று?

கனடாவின் சஸ்காட்சவன் மாகாணத்தில் மே மாதம். வயலுக்கு நடுவே ஒரு குட்டை. அதில் தன்னந்தனியாக ஓர் ஆண் ஊசிவால் வாத்து நீந்திக்கொண்டிருக்கிறது. தலைக்கு மேலே ஒரு சிறிய விமானம் இரைந்துகொண்டு கடக்கிறது. உள்ளே இருப்பவர் ஒலிவாங்கியில் இரண்டொரு சொல் சொல்கிறார். பிறகு அலுவலகத்தில் கணக்கைக் கூட்டும்போது, குட்டையில் இருந்த அந்த ஒரு வாத்து இரண்டாகிவிடுகிறது.

இது கள்ளக் கணக்கு இல்லை. இனப்பெருக்கக் காலத்தில் ஓர் ஆண் குட்டையில் தனியாகக் காத்திருந்தால், அதன் பெட்டை பக்கத்துப் புல்லுக்குள் எங்கோ முட்டைமேல் உட்கார்ந்திருக்கிறது என்று பொருள். மண்ணோடு மண்ணாகத் தெரியும் பழுப்பு நிறப் பெட்டையை விமானத்திலிருந்து யாராலும் பார்க்க முடியாது. ஆகவே தனி ஆண் ஒன்றைக் கண்டால் ஒரு சோடி என்று கொள்வது விதி. இரண்டு, மூன்று, நான்கு ஆண்கள் சேர்ந்து நின்றாலும் அப்படியே இரட்டிப்பார்கள். ஐந்தோ அதற்கு மேலோ கூட்டமாக நின்றால் அந்தச் சலுகை கிடையாது, கண்டதே கணக்கு. முக்குளித்து இரைதேடும் சில இனங்களில் பெட்டையைவிட ஆண்கள் மிகுதி. அங்கே தனி ஆணை இரட்டித்தால் கணக்கு வீங்கிவிடும் என்பதால் இரட்டிப்பதில்லை.

இப்படி நுணுக்கமாக விதி வகுத்துக்கொண்டு, அமெரிக்க மீன் மற்றும் வனவிலங்குச் சேவைத் துறையும் கனடிய வனவிலங்குச் சேவையும் 1955 முதல் வாத்துகளை எண்ணி வருகின்றன. எண்ணும் நிலப்பரப்பு அலாஸ்காவில் தொடங்கி, கனடாவின் மேற்கையும் வடக்கையும் கடந்து, அமெரிக்காவின் டகோட்டா மாநிலங்கள் வரை நீள்கிறது. ஏறத்தாழ 33 லட்சம் சதுர கிலோமீட்டர். இந்தியாவை அப்படியே எடுத்து வைத்தது போன்ற அளவு. காட்டுயிர்களை இவ்வளவு பெரிய பரப்பில், இவ்வளவு காலம், ஒரே முறையில் எண்ணிய முயற்சிகள் உலகில் மிகச் சில.

பெரிய கோவில் உயரத்துக்கும் கீழே

விமானம் பறப்பது தரையிலிருந்து 30 முதல் 45 மீட்டர் உயரத்தில். தஞ்சைப் பெரிய கோவிலின் விமானம் 60 மீட்டருக்கும் மேல். இவர்களுடைய விமானம் அதைவிடத் தாழ்வாகப் போகிறது. வேகம் மணிக்கு 160 கிலோமீட்டர் அளவில். மின்கம்பியும் கோபுரமும் பறவைக் கூட்டமும் குறுக்கிடும் உயரம் இது. விமானம் ஓட்டுபவரும் உயிரியலாளர்தான். அவர் ஒரு பக்கத்தை எண்ண, அருகில் இருப்பவர் மறுபக்கத்தை எண்ணுகிறார். இரண்டு பக்கமும் 200 மீட்டர் தூரம் வரைதான் கணக்கு. அதற்கு அப்பால் ஆயிரம் வாத்துகள் மிதந்தாலும் அவை கணக்கில் வராது.

பறக்கும் கோடுகள் பெரும்பாலும் கிழக்கு மேற்காக ஓடுகின்றன. ஒவ்வொரு கோடும் 29 கிலோமீட்டர் நீளத் துண்டுகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஒரு துண்டைக் கடக்கப் பத்துப் பதினொரு நிமிடம். அதற்குள் நூற்றுக்கணக்கான குட்டைகள் கண்முன் வந்து மறைகின்றன. ஒவ்வொன்றிலும் எந்த இனம், எத்தனை, சோடியா தனியா என்று கண் தீர்மானித்து வாய் சொல்லிவிட வேண்டும். திரும்பிப் பார்க்க நேரமில்லை. முன்பு ஒலிநாடாவில் பதிந்தார்கள். இப்போது கணினி ஒவ்வொரு சொல்லோடும் அது சொல்லப்பட்ட இடத்தின் ஜிபிஎஸ் புள்ளியையும் சேர்த்தே பதிகிறது. வாத்தோடு குட்டையையும் எண்ணுகிறார்கள். நீர் நிற்கும் குட்டை எத்தனை, வறண்டது எத்தனை என்பது வாத்துக் கணக்கின் மறுபாதி.

எப்போது பறப்பது என்பதில் தனிச் சிக்கல் இருக்கிறது. முந்திப் போனால், வடக்கே போகிற வழியில் இளைப்பாற இறங்கிய வாத்தை இவ்வூர் வாத்து என்று எண்ணிவிடுவோம். பிந்திப் போனால், ஆண்கள் குட்டையை விட்டு விலகி, இறகு உதிர்க்கக் கூட்டமாய் வேறு ஏரிக்குப் போயிருக்கும். அதனால் வசந்தத்தின் பின்னாலேயே இவர்களும் நகர்கிறார்கள். மே தொடக்கத்தில் தெற்கில் ஆரம்பித்து, பனி உருக உருக வடக்கே ஏறி, ஜூன் மாதத்தில் அலாஸ்காவின் தூந்திர வெளியில் முடிக்கிறார்கள்.

பார்க்காததை எண்ணுவது எப்படி?

அத்தனை வேகத்தில் பறந்தால் கண்ணில் படாமல் போவது நிறைய இருக்கும். நாணலுக்குள் ஒதுங்கிய வாத்து தெரியாது. சிறிய உடம்புக் கிளுவை தெரியாது. வெண்மார்புத் தட்டைவாயன் தூரத்திலேயே பளிச்சென்று தெரியும். கண்ட எண்ணிக்கையை அப்படியே எழுதினால், பளிச்சென்ற நிறம் கொண்ட இனங்கள் மட்டும் பெருகியிருப்பதாகத் தோன்றும்.

இதற்கு அவர்கள் கண்டுகொண்ட வழி எளிமையானது. சில துண்டுகளில் மட்டும், விமானம் பறந்த கையோடு தரைக்குழு ஒன்று அதே குட்டைகளை நடந்து சுற்றி எண்ணுகிறது. உதாரணத்துக்கு, விமானம் 20 ஊசிவால்களைப் பார்த்த இடத்தில் நடந்து போனவர்கள் 50 பார்த்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் விமானத்திலிருந்து கண்ட ஒவ்வொரு ஊசிவாலுக்கும் உண்மையில் இரண்டரை இருக்கிறது. இந்த விகிதத்தை இனம்வாரியாகக் கணித்து, தரைக்குழு போகாத துண்டுகளுக்கும் பெருக்கிக்கொள்கிறார்கள். கால் வைக்க முடியாத சதுப்புக் காடுகளில் அந்தத் தரைக்குழுவின் வேலையை ஹெலிகாப்டர் செய்திருக்கிறது.

வேட்டைதான் இந்தக் கணக்கெடுப்பைத் தொடங்கவைத்தது. வட அமெரிக்காவில் வாத்து வேட்டை சட்டப்படி அனுமதிக்கப்பட்டது. ஒரு பருவத்தில் எத்தனை நாள் சுடலாம், ஒருவர் ஒரு நாளில் எத்தனை வாத்து எடுக்கலாம் என்பதை அரசு தீர்மானிக்கிறது. இருப்பு தெரியாமல் செலவுக்கு அனுமதி கொடுக்க முடியாது. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் சிறு விமானங்களைக் கொண்டு சோதனையாக எண்ணிப் பார்த்து, முறை கைவந்த பிறகு 1955 முதல் ஆண்டுதோறும் நடத்தத் தொடங்கினார்கள். 2020லும் 2021லும் கொரோனாவால் விமானங்கள் எழவில்லை. அந்த இரண்டு ஆண்டுகளைத் தவிரத் தொடர் அறுந்ததில்லை.

ஒரு கோடியிலிருந்து 18 லட்சம்

தொடரைக் கையில் வைத்துக்கொண்டு ஊசிவாலைத் தேடுவோம். நீண்ட கழுத்தும், ஊசி போல நீண்ட நடுவாலும், காப்பிக்கொட்டை நிறத் தலையுமாக வாத்துகளில் இதற்கு ஓர் ஒயில் உண்டு. 1956இல் கணக்கெடுப்புப் பரப்பில் ஒரு கோடிக்கும் மேல் ஊசிவால்கள் இருந்தன. 2022இல் கிடைத்த எண் ஏறத்தாழ 18 லட்சம். அதுவரை பதிவானவற்றில் அதுவே மிகக் குறைவு.

எல்லா வாத்துகளும் குறைந்தனவா என்றால், இல்லை. 2015ஆம் ஆண்டைப் பாருங்கள். எல்லா இனமும் சேர்த்து 4 கோடியே 95 லட்சம், தொடரின் உச்சம். பச்சைத்தலை மல்லார்ட் வாத்து மட்டும் 1 கோடியே 16 லட்சம். கருவால் வாத்தும் தட்டைவாயனும் நீண்டகாலச் சராசரியை எப்போதோ தாண்டியிருந்தன. அந்தத் திருவிழா ஆண்டிலும் ஊசிவால் 30 லட்சத்தோடு, தன் சராசரிக்கும் கீழேயே நின்றது. மொத்தத்தை மட்டும் பார்த்தவருக்கு எல்லாம் சுகம். இனம்வாரியாகப் பிரித்தவருக்குத்தான் ஒரு பிள்ளை வீடு திரும்பவில்லை என்பது தெரிந்தது.

முதலில் சந்தேகம் விழுந்தது மழையின்மேல். காரணம் அந்த நிலத்தின் அமைப்பு. பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் பெரும்பனிப் பாளங்கள் உருகிப் பின்வாங்கியபோது, தரையில் லட்சக்கணக்கான குழிகளை விட்டுச் சென்றன. அயோவா, மினசோட்டா, இரண்டு டகோட்டாக்கள், மொன்டானா என்ற ஐந்து அமெரிக்க மாநிலங்களிலும், மனிடோபா, சஸ்காட்சவன், ஆல்பர்ட்டா என்ற மூன்று கனடிய மாகாணங்களிலும் அந்தக் குழிகள் பரவிக் கிடக்கின்றன. பனியும் மழையும் நிரம்பினால் குட்டை, இல்லாவிட்டால் வெறும் பள்ளம். பெருமழைக்குப் பிந்தைய 2011இல் 81 லட்சம் குட்டைகள் கணக்கில் வந்தன. இப்பகுதியை வட அமெரிக்காவின் வாத்துத் தொழிற்சாலை என்று அங்கே அழைக்கிறார்கள்.

குட்டை சிறிதாகவும் ஆழமின்றியும் இருப்பதே வாத்துக்கு வசதி. ஆழமற்ற நீர் வசந்தத்தில் சீக்கிரம் சூடேறும், புழு பூச்சி பெருகும், முட்டையிடும் பெட்டைக்குப் புரதம் கிடைக்கும். இன்னொன்றும் உண்டு. ஒவ்வொரு சோடியும் மற்றொரு சோடி கண்ணில் படாத இடத்தை விரும்பும். பத்து ஏக்கரில் ஒரே ஏரி இருப்பதைவிட, ஓர் ஏக்கர் குட்டைகள் பத்து இருந்தால் கூடுதல் சோடிகள் குடியேறும். முதலில் வடிகால் வெட்டி உழவுக்குக் கொண்டுவரப்படுவதும் இந்தச் சிறு குட்டைகள்தான். அயோவாவில் பழைய ஈரநிலங்களில் பத்தில் ஒன்பது பங்கு இன்று இல்லை. வட டகோட்டாவில் ஏறத்தாழ பாதி போய்விட்டது.

1980களில் கடும் வறட்சி வந்தது. பெரும்பாலான வாத்துகள் குறைந்தன. 1993, 1994 வாக்கில் மழை திரும்பியது, குட்டைகள் நிரம்பின. அமெரிக்கப் பக்கத்தில் 1985ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின்படி, உழவர்கள் அரசிடம் வாடகை பெற்றுக்கொண்டு பல லட்சம் ஏக்கர் வயல்களைப் புல்லாக விட்டிருந்தார்கள். நீரும் புல்லும் சேர்ந்து கிடைத்ததும் மல்லார்ட் எழுந்தது, கருவால் எழுந்தது, தட்டைவாயன் எழுந்தது. அதற்கு முந்தைய காலத்தில் குட்டை கூடினால் கூடி, குறைந்தால் குறைந்த ஊசிவால், இந்த முறை எழவில்லை. தண்ணீர் வந்தது, வாத்து வரவில்லை. அப்படியென்றால் குற்றவாளி மழை இல்லை.

படம் சொன்ன பதில்

பத்தாண்டுக்கு ஒன்றாக ஊசிவாலின் வரைபடங்களை அடுக்கிப் பார்த்தபோது விடை துலங்கத் தொடங்கியது. 1950களின் படத்தில் தெற்குச் சஸ்காட்சவனும் தெற்கு ஆல்பர்ட்டாவும் ஊசிவால் செறிந்த அடர்நிறப் பகுதிகள். பிந்தைய படங்களில் அந்த நிறம் வெளிறிப் போகிறது. அலாஸ்காவில் அவ்வளவு சரிவு இல்லை. சரிவு பெரும்பாலும் கனடியக் கோதுமை வயல்களின்மேல் குவிந்திருந்தது.

அந்த வயல்களில் என்ன மாறியது? முன்பெல்லாம் ஒரு வருடம் விதைத்த நிலத்தை மறு வருடம் தரிசாகப் போடுவது வழக்கம். 1970கள் முதல் அது குறைந்து, ஆண்டுதோறும் விதைப்பது பெருகியது. அறுவடைக்குப் பின் நிற்கும் அரிதாள் அடுத்த வசந்தத்தில் உழப்பட்டு, உடனே விதைக்கப்பட்டது. மற்ற வாத்துகள் பெரும்பாலும் உயர்ந்த புல்லைத் தேடும், பிந்தி வந்து கூடு கட்டும். ஊசிவாலுக்கோ குட்டையான, வெட்டவெளியான தரைதான் பிடித்தம். பனி உருகியதும், ஏப்ரலிலேயே, வேறு புல் முளைக்குமுன் அரிதாளுக்குள் முட்டையிட்டுவிடும். ஏழெட்டு முட்டை, மூன்று வாரத்துக்குச் சற்று மேல் அடை. அது முடியுமுன் மே மாதத்தில் டிராக்டர் வந்துவிடுகிறது. கூடு போனால் மறுபடி கட்டிப் பார்க்கும் பிடிவாதம் மல்லார்டைவிட ஊசிவாலுக்குக் குறைவு. ஆயிரமாயிரம் ஆண்டு பழக்கம் அதை அரிதாளுக்கு அழைக்கிறது. அரிதாள் இப்போது அதற்குப் பொறியாகிவிட்டது.

காரணம் தெரிந்ததால் மருந்தும் தெரிந்தது. கோதுமையை வசந்தத்தில் விதைக்காமல், முந்தைய இலையுதிர்காலத்திலேயே விதைத்துவிட்டால் ஏப்ரல், மே மாதங்களில் வயலில் கலப்பை இறங்காது. ஊசிவால் நிம்மதியாக அடைகாக்கும், உழவருக்கும் விளைச்சல் குறையாது. 1937இல் தொடங்கப்பட்ட டக்ஸ் அன்லிமிடெட் அமைப்பு இந்தக் குளிர்காலக் கோதுமையைப் பரப்ப உழவர்களோடு சேர்ந்து வேலை செய்கிறது.

வரைபடம் இன்னொரு மயக்கத்தையும் தீர்த்தது. புல்வெளி வறண்டால் ஊசிவால் அங்கே தங்காது. தலைக்கு மேலாகப் பறந்து வடக்கே காட்டுக்கும் தூந்திரத்துக்கும் போய்விடும். வட அமெரிக்காவில் காலில் அடையாள வளையமிட்ட ஊசிவால்கள் ரஷ்யாவில் கிடைத்ததுண்டு. வடக்கே போனவை கணக்கெடுப்பவர் கண்ணில் குறைவாகவே படும். அங்கே அவை பொரிக்கும் குஞ்சுகளும் குறைவு. ஆகவே ஒரே 20 லட்சத்துக்கு இரண்டு பொருள் இருக்கலாம். பறவைகள் தெற்கே புல்வெளியில் இருந்தால் வரும் ஆண்டு பெருகும். வடக்கே சிதறியிருந்தால் இப்போதே கணக்கில் விடுபட்டவை பல, அடுத்த ஆண்டுக் குஞ்சும் சொற்பம். இதனால் ஊசிவால் வேட்டையை நிர்ணயிக்கும் கணக்கில், அவை சராசரியாக எந்த அட்சரேகையில் குடியேறின என்பதையும் சேர்த்து எண்ணிக்கையைத் திருத்தி வந்தார்கள். எத்தனை என்ற கேள்விக்கு எங்கே என்ற பதில் இல்லாமல் விடை சொல்ல முடியாது என்பதை அவர்கள் இந்தப் பறவையிடம் கற்றார்கள்.

இடிமழைப் படம்

வட டகோட்டாவின் பிஸ்மார்க் நகரில் உள்ள மீன் மற்றும் வனவிலங்குச் சேவைக் குழு இந்தப் பாடத்தை நிலத்தில் இறக்கியது. எந்தக் குட்டையில் எத்தனை சோடி என்று ஆண்டுக்கணக்காகத் தரையில் எண்ணி, குட்டையின் அளவுக்கும் சோடிகளுக்கும் உள்ள உறவைக் கண்டார்கள். பிறகு நிலத்தில் உள்ள எல்லாக் குட்டைகளுக்கும் அந்த உறவைப் பொருத்தி, சோடிகள் செறிந்த இடம் சிவப்பாகவும் குறைந்த இடம் வெளிர்நிறமாகவும் ஒரு படம் வரைந்தார்கள். தொலைக்காட்சியில் காட்டும் ரேடார் மழைப் படம் போல இருந்ததால் அதற்கு இடிமழைப் படம் என்றே பெயர் விழுந்தது.

அந்தப் படத்தை வைத்துத்தான் பணம் செலவாகிறது. 1934 முதல் அமெரிக்காவில் வாத்து வேட்டைக்காரர்கள் ஆண்டுதோறும் ஒரு சிறப்பு முத்திரைத்தலை வாங்கவேண்டும். அன்று ஒரு டாலர், இன்று 25 டாலர். வசூலாகும் தொகையின் பெரும்பகுதி ஈரநிலங்களைக் காக்கப் போகிறது. குட்டையை வடிக்கமாட்டேன், தூர்க்கமாட்டேன், புல்லை உழமாட்டேன் என்று ஒப்பந்தம் எழுதிக்கொடுக்கும் உழவருக்கு அதிலிருந்து பணம் தருகிறார்கள். நிலம் அவருடையதாகவே இருக்கும். எந்த உழவரின் கதவை முதலில் தட்டுவது என்பதைச் சிவப்பு நிறம் சொல்கிறது.

எந்த ஆண்டை அளவுகோலாகக் கொள்வது என்ற விவாதமும் உண்டு. 1986இல் உருவான வட அமெரிக்க நீர்ப்பறவை மேலாண்மைத் திட்டம், மழை செழித்த 1970களை அளவுகோலாக வைத்து, ஊசிவால் 56 லட்சத்தை எட்டவேண்டும் என்றது. 2014இல் அந்த இலக்கு 40 லட்சமாக இறங்கியது. 1956இல் தொடங்கிப் பார்த்தால் ஊசிவாலின் இன்றைய நிலை பேரிழப்பு. 1990இல் தொடங்கிப் பார்ப்பவருக்கோ பெரிய மாற்றம் தெரியாது. வரைபடத்தின் முதல் பக்கத்தைக் கிழித்துவிட்டால் இழந்ததே மறந்துபோகும். தொடர் அறுபடாமல் இருப்பதன் மதிப்பு அங்கேதான்.

நம் ஏரிக்கரையில்

ஊசிவால் நமக்கும் தெரிந்த பறவை. குளிர்காலத்தில் கோடியக்கரைக்கும் வேடந்தாங்கலுக்கும் மற்ற ஏரிகளுக்கும் அது வருகிறது. அவை வட ஆசியாவில் பிறந்தவை, அமெரிக்கப் புல்வெளியிலிருந்து வந்தவை அல்ல. நாம் இங்கே எண்ணுவது விருந்தாளியை. அதன் தொட்டிலை நாம் எண்ணவில்லை. நம் ஏரியில் இந்த ஆண்டு ஊசிவால் குறைந்தால், இனம் அழிகிறது என்று உடனே முடிவு கட்டிவிட முடியாது. மழை நன்றாகப் பெய்து ஊரெங்கும் குளம் நிரம்பியிருந்தால் அவை பரவிப் போயிருக்கலாம். ஓர் ஏரியின் எண் ஒன்றும் சொல்லாது. பல ஏரிகள், பல ஆண்டுகள் சேர்ந்தால்தான் பேசும். 1987 முதல் ஆண்டுதோறும் ஜனவரியில் நடக்கும் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு அப்படிச் சேர்க்கும் முயற்சி.

அதில் சேர விமானம் வேண்டாம். ஓர் இருநோக்கியும் குறிப்பேடும் போதும். உங்கள் ஊர் ஏரியில் ஒவ்வொரு ஜனவரியும் அதே கரையில், அதே நேரத்தில், அதே தூரம் நடந்து எண்ணுங்கள். பறவை கூட்டமாய் வந்த ஆண்டு எழுதுவது எளிது. ஒன்றும் வராத ஆண்டில் பலர் தாளை மடித்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். கனடிய வயல்களில் ஊசிவால் மறைந்த கதையைக் கண்டுபிடிக்க உதவியது, பறவையே தென்படாத துண்டுகளையும் விடாமல் பறந்து பதிந்து வைத்த எண்கள்தான். ஏரி வெறுமையாக இருந்தாலும் தேதியைப் போட்டுச் சுழியம் என்று எழுதிவிட்டு வாருங்கள்.